விடைபெறும் உரை எதற்குச் சான்று? சென்டாய்க் கல்விக் கூட்டமைப்பை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல்

ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகம் 2005இல் முதன்முதலாக ஏற்பளித்த ஏழு வட்டார நிபுணத்துவ மையங்களுள் ஜப்பானின் சென்டாய்ப் பெருவட்டாரமும் ஒன்று. நீடித்த வளர்ச்சிக்கான கல்வியை முன்னெடுக்கும் இக்கூட்டமைப்பு வெற்றி பெற்றது என்று வாதிடும் ஆய்வு மரபு இரண்டு சான்றுகளின்மேல் சாய்ந்து நிற்கிறது. ஒன்று, மையம் தன்னைப் பற்றித் தானே எழுதும் அறிக்கை. மற்றது, 2011 ஆழிப்பேரலைக்குப் பின், கூட்டமைப்பில் உள்ள கெசென்னுமா நகரத்து ஹஷிகாமி நடுநிலைப் பள்ளி மாணவர் ஒருவர் ஆற்றிய விடைபெறும் உரை. முதலாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் மையங்களுக்கு நிதி தருவதில்லை, ஏற்பு மட்டுமே தருகிறது. அந்த ஏற்பைக் காக்க எழுதப்படும் அறிக்கையில் வெற்றிகள் முன்வரிசையில் நிற்பது இயல்பு. சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது.

உரை நிகழ்த்தப்பட்டது 2011 மார்ச் 22 அன்று, பேரலை வந்து பதினோரு நாள் கழித்து. பள்ளி நிறைவு விழா நடந்த உடற்பயிற்சிக் கூடமே வீடிழந்தோரின் முகாமாகவும் இருந்தது. கல்வி அமைச்சகம் அந்த ஆண்டின் வெள்ளை அறிக்கையில் உரையைச் சேர்த்துக்கொண்டது. அன்றுமுதல் அது எடுத்தாளப்படும் முறை பெரும்பாலும் ஒன்றே: பேரிடர்க் கல்விக்குப் பெயர்பெற்ற பள்ளி, முறையாக ஒத்திகை செய்த மாணவர்கள், துயரிலும் கலங்காத இளைஞர். ஆகவே கல்வி பலித்தது, அதைத் தாங்கிய கூட்டமைப்பும் பலித்தது.

உரையின் போக்கு இந்த முடிவுக்கு இடம் தரவில்லை என்பதே என் வாதம். தம் பள்ளி பேரிடர்க் கல்விக்குப் பெயர்பெற்றது என்பதையும், ஒத்திகைகள் தவறாமல் நடந்ததையும் மாணவர் குறிப்பிடுவது உண்மைதான். ஆனால் அடுத்த அடியிலேயே ‘ஆனால்’ என்று திரும்புகிறார். இயற்கையின் சீற்றத்துக்கு முன் மனித ஆற்றல் ஒன்றுமில்லாமல் போயிற்று, அருமையானவை ஈவிரக்கமின்றிப் பறிக்கப்பட்டன என்கிறார். மேற்கோள் காட்டுவோர் பலர் இந்த ‘ஆனாலுக்கு’ முன்பே நிறுத்திவிடுகிறார்கள், அல்லது அதைத் தாண்டிக் குதித்து, வானத்தைப் பழிக்காமல் விதியைத் தாங்கி, ஒருவருக்கொருவர் உதவி வாழ்வோம் என்ற இறுதி உறுதிமொழியில் போய் இறங்குகிறார்கள். நடுவில் இருப்பது கற்ற கல்வியின் எல்லையைப் பற்றிய வாக்குமூலம். அதை விட்டுவிட்டுப் படித்தால், படிப்பது வேறொரு உரை.

இன்னொன்றும் கவனத்துக்குரியது. ஹஷிகாமியில் பேரிடர்க் கல்வி 2005 முதல் தன்னுதவி, கூட்டுதவி, பொதுஉதவி என ஆண்டுக்கு ஒரு பொருளாகச் சுழற்சி முறையில் நடந்துவந்தது. உரையில் தன்னுதவியின் நம்பிக்கை உடைகிறது. பொதுஉதவி அழுத்தம் பெறவில்லை. எஞ்சி நிற்பது கூட்டுதவி. பாடத்திட்டத்தின் தடம் உரையில் இருக்கிறது என்றால் அது இங்கேதான் இருக்க வேண்டும். ‘இருக்க வேண்டும்’ என்றே சொல்கிறேன், ‘இருக்கிறது’ என்று அல்ல. 1896, 1933, 1960 எனப் பேரலைகளைக் கண்ட கரை அது. ஒருவரையொருவர் தாங்கும் பழக்கத்தை அங்குள்ள ஊர்களும் கற்றுத் தந்திருக்கலாம். மேலும், ஜப்பானியப் பள்ளிகளில் விடைபெறும் உரைக்கு நன்றி, நினைவு, உறுதி என்று வகுத்த வடிவம் உண்டு. முடிவில் உறுதிமொழி வருவது அந்த வடிவத்தின் கட்டாயம். ‘ஆனால்’ அப்படியொரு கட்டாயத்தால் வந்ததல்ல. அதனாலேயே அதற்குச் சான்று மதிப்பு கூடுதல்.

ஒற்றை உரையை வைத்து இவ்வளவு பேசலாமா என்று கேட்பவர்கள், அதே உரையை வெற்றிச் சான்றாக வைத்தவர்களிடம் முதலில் அதைக் கேட்கட்டும்.

கூட்டமைப்பு எதையும் செய்யவில்லை என்பதல்ல என் முடிவு. கணக்குத்தான் தவறு. கெசென்னுமாவின் சிப்பி வளர்ப்போர் கடலுக்காக மலையில் மரம் நடத் தொடங்கியது 1989இல், ஏற்புக்குப் பதினாறு ஆண்டுகள் முன்பு. பின்னாளில் பள்ளிப் பிள்ளைகளும் அதில் கலந்துகொண்டார்கள். இத்தகைய முயற்சிகளைக் கூட்டமைப்பின் விளைவுகளாகப் பட்டியலிடுவது, ஆற்றின் பெயரைப் பாலத்துக்குச் சூட்டிவிட்டு ஆற்றையே பாலம் கொண்டுவந்தது என்பதைப் போன்றது. மையத்தின் பங்கு தொடங்கிவைத்ததில் அல்ல, தொடரச் செய்ததில் இருக்கக்கூடும். அதை அளப்பதற்குக் கூட்டாளிகளை எண்ணுவது உதவாது.

உதவக்கூடிய அளவுகோல் ஒன்று உண்டு. ஜப்பானில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாறுதல் பெறுகிறார்கள். கூட்டமைப்பின் கூட்டாளியான மியாகி கல்வியியல் பல்கலைக்கழகத்தோடும் மீனவர்களோடும் ஒரு பள்ளிக்கு உருவான உறவு, அதை உருவாக்கிய ஆசிரியர் போன பிறகும் நிற்கிறதா? புதிதாக வந்தவர் அதே பாடத்தை அதே ஊர்க்காரர்களோடு நடத்துகிறாரா? நின்றால், அது கூட்டமைப்பின் வேலை எனக் கொள்ள இடமுண்டு. போனவரோடு அதுவும் போய்விட்டால், இருந்தது ஒரு நல்ல ஆசிரியர் மட்டுமே. பேரலை ஊரையே கலைத்துப் போட்டதால் 2011க்குப் பிந்திய தொடர்ச்சியை அளக்க முடியாது என்ற தடையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கலைந்தபின்னும் எது மீண்டும் கூடியது என்பதே இங்கு நமக்குத் தேவையான கேள்வி.

அதற்கான தரவு எட்டாத இடத்தில் இல்லை. ஆசிரியர் இடமாறுதல் பட்டியல் ஒவ்வொரு வசந்தத்திலும் வட்டார நாளிதழ்களில் அச்சாகிறது.