கூலி என்ற சொல்லின் கணக்கு

இலங்கையின் பதுளை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றவர்களைத் துரைமார் 'கூலி' என்றே அழைத்தனர். வெளியே 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்ற ஏச்சுகள். 1911 குடிமதிப்பு அவர்களை 'இந்தியத் தமிழர்' எனத் தனியே பிரித்தது. நாட்டைக் கொழுந்தாலும் வியர்வையாலும் வளர்த்தவர்களை அந்நியராகவே பழக்கிய மொழி, அவர்களை நாடற்றோராக்கிய 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு வழியை எளிதாக்கியது. மறுஆண்டே பெரும்பாலோரின் வாக்குரிமையும் பறிபோனது.

அவர்களை 'மலையகத் தமிழர்' என்று மரியாதையாக அழைத்தால் சம்பளம் உயருமா, லயக் குடியிருப்பின் கூரை ஒழுகாதா என்று கேட்பது நியாயமே. உயராது, ஒழுகும். நாகரிகச் சொல் உரிமைக்குப் பதிலீடல்ல. ஆனால் அது உரிமை கேட்பவரை மனிதராக நிறுத்தும் முதற்படி. 2003 சட்டம் நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது. ஆனால் ஏளனச் சொல்லைச் சட்டத்தால் மட்டும் அழிக்க இயலாது. அதனால்தான் சொற்கவனம் இன்னும் தேவை.