நெல்லை யாருக்குப் போடுவது?

கொள்முதல் நிலையத்தில் விலை கூடுதல் என்று தெரிந்தும், தஞ்சை டெல்டாவில் சிறு விவசாயிகள் பலர் வியாபாரிக்கே நெல்லைப் போடுகிறார்கள். 'விவரம் தெரியாதவங்க' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் அவர்கள் பார்ப்பது விலையை மட்டும் இல்லை. பணம் எப்போ கைக்கு வரும், அதுவரை நெல்லை எங்கே வைப்பது என்பதும் அந்தக் கணக்கில் உண்டு.

இது பழைய கணக்கு. விதைக்கும் உழவுக்கும் கடன் கொடுத்தவரிடமே அறுத்த நெல்லை விற்பது, வெள்ளைக்காரன் காலத்து விவசாயக் கடன் விசாரணைகளில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி. இதை மாற்றத்தான் 1933இல் மெட்ராஸ் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி 1936இல் திருப்பூரில் திறந்த முதல் ஒழுங்குமுறைச் சந்தை பருத்திக்கானது. நெல்லுக்கு அப்போதைக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை.

1942இல் ஜப்பான் ரங்கூனைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. ரேஷனுக்காக அரசே நெல் வாங்க இறங்கியது, அதுவும் கட்டாயமாக. யாருக்கு விற்பது என்ற கேள்விக்கே அப்போது இடமில்லை. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்த பிறகுதான் வியாபாரம் மறுபடி திறந்தது. 1965 ஜனவரி 14இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. இன்று நேரடி கொள்முதல் நிலையங்களை நடத்துவது அதுதான்.

ஆக, இன்றைக்கு விவசாயிக்கு இரண்டு வழி. அரசு நிலையத்தில் பொதுவாக 17 சதவீத ஈரப்பதம் வரைதான் எடுப்பார்கள். குறுவை அறுப்பதோ புரட்டாசி, ஐப்பசி மழையில். காயப்போட களம் இல்லாதவர் ரோட்டில்தான் கொட்டிக் காயவைக்கணும். இரண்டு நாள் மழை விடாமல் பெய்தால் நெல் முளைச்சிடும். வியாபாரி ஈர நெல்லையும் எடுத்துக்கொள்வார், விலையைத்தான் குறைப்பார். ரொக்கமும் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும்.

அடுத்தது காகிதம். நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். குத்தகை உரிமையைப் பதிய 1969லேயே சட்டம் வந்தும், வாய்வார்த்தைக் குத்தகை இன்னும் இருக்கிறது. உழுது விளைவித்தவர் ஒருத்தர், காகிதத்தில் பேர் இன்னொருத்தருக்கு. அப்படிப்பட்டவர் நிலையத்துக்குப் போவதே சிரமம்.

இதனால்தான் ஆதரவு விலையை ஏற்றுவதன் பலன் எல்லாருக்கும் ஒரே மாதிரி சேர்வதில்லை. களமும் காத்திருக்கத் தெம்பும் உள்ளவருக்கு அது முழுசாகக் கிடைக்கும். இரண்டு ஏக்கர் குத்தகைக்காரருக்கு முதலில் வேண்டியது ஊருக்குள் ஒரு காயவைக்கும் களம், மேலே ஒரு கூரை, அவர் பேரிலேயே ஒரு அடங்கல்.