தானியங்கிக் கியர் பெட்டிப் பழுதறிதல்

தானியங்கிக் கியர் பெட்டிப் பழுதறிதல் என்பது, ஓட்டுநர் கிளட்ச் மிதிக்காமலேயே கியர் மாறும் வகை மகிழுந்துகளில், கியர் பெட்டியில் தோன்றும் கோளாறின் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்யும் முறையாகும். பெட்டியைக் கழற்றிப் பிரிப்பது இம்முறையின் கடைசிப் படி ஆகும். எண்ணெய், கேபிள், மின்னிணைப்பு, உணரி ஆகியவற்றைச் சோதித்த பின்னரே அந்தப் படிக்குச் செல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகள் ஓடிய வண்டி ஒன்றில், பெட்டியைப் பிரித்துச் சீரமைக்கும் செலவு வண்டியின் மறுவிற்பனை விலையை நெருங்கிவிடுவது உண்டு. சில நூறு ரூபாய் எண்ணெயில் தீரக்கூடிய கோளாறுக்குப் பெட்டியையே பிரித்துவிடுவது இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறாகும்.

பின்னணி

நீர்ம ஓட்டத்தின் வழியே சுழற்சியைக் கடத்தும் கருவிக்கு செருமானியப் பொறியாளர் எர்மான் ஃபொட்டிங்கர் 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். அது மகிழுந்துக்காக அன்றி, கப்பல் இயந்திரங்களுக்காக உருவாக்கப்பட்டது. பெருமளவில் உற்பத்தி செய்யப்பட்ட முதல் முழுத் தானியங்கிக் கியர் பெட்டியான ஐட்ராமேட்டிக்கை, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1939 இல் அறிவித்து, ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் பொருத்தியது.

இந்தியச் சாலைகளில் இவ்வகை வண்டிகள் நெடுங்காலம் அரிதாகவே இருந்தன. 1990களில் மாருதி சென் வண்டியின் மூன்று கியர் தானியங்கி வகையும், பின்னர் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் தயாரான ஐயுண்டாய் வண்டிகளின் நான்கு கியர் வகைகளும் வந்தன. 2003 இல் வெளிவந்த ஓண்டா சிட்டியில், படிப்படியான கியர்களுக்குப் பதிலாக வார்ப்பட்டையால் இயங்கும் சி.வி.டி. வகை கிடைத்தது. 2014 இல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. என்பது, சாதாரண கியர் பெட்டியில் கிளட்ச்சையும் கியர் மாற்றத்தையும் இயந்திரக் கை ஒன்று செய்வதாகும். இங்கு விளக்கப்படும் சோதனைகளில் பல அதற்குப் பொருந்தா.

இலங்கையில் நிலை வேறு. அங்கு யப்பானிலிருந்து இறக்குமதியான பயன்படுத்திய வண்டிகளில் தானியங்கி வகை மிகுதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வண்டிகளுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டுவதைத் தவிர அங்குள்ளோருக்கு வேறு வழி இருக்கவில்லை.

அமைப்பு

இயந்திரத்திற்கும் கியர் பெட்டிக்கும் இடையே கன்வெர்ட்டர் எனப்படும் முறுக்குவிசை மாற்றி உள்ளது. அதன் பின்னே கோள் பல்லிணைத் தொகுதிகளும், அவற்றின் உறுப்புகளைப் பிடிக்கவும் விடவும் கிளட்ச் தட்டுகளும் பட்டைகளும் உள்ளன. எந்தக் கிளட்ச்சுக்கு எப்போது எண்ணெய் அழுத்தம் செல்ல வேண்டும் என்பதை வால்வு பாடி எனும் பகுதி தீர்மானிக்கிறது. ஓண்டாவின் பழைய பெட்டிகளில் கோள் பல்லிணைகளுக்குப் பதிலாக இணைத் தண்டுகள் இருப்பினும், கிளட்ச்சும் எண்ணெய் அழுத்தமும் அங்கும் அவ்வாறே வேலை செய்கின்றன.

எண்ணெய்ப் பம்பு இயந்திரத்தால் சுழற்றப்படுகிறது. எனவே இயந்திரம் நின்றால் அழுத்தமும் இல்லை, உள்ளுறுப்புகளுக்கு உயவும் இல்லை. இவ்வண்டிகளைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய இயலாமைக்கும், சக்கரம் தரையில் உருள நெடுந்தூரம் இழுத்துச் செல்லக் கூடாமைக்கும் இதுவே காரணம்.

எண்ணெய்ச் சோதனை

ஏ.டி.எஃப். எனப்படும் இப்பெட்டிக்கான எண்ணெய் ஒரே நேரத்தில் உயவுப் பொருளாகவும், அழுத்தம் கடத்தும் நீர்மமாகவும், வெப்பத்தை வெளியேற்றும் ஊடகமாகவும், கிளட்ச்சின் உராய்வை அளவிடும் பொருளாகவும் செயற்படுகிறது. (உராய்வைச் சீராக்க 1970களின் தொடக்கம் வரை இதில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எண்ணெய் சேர்க்கப்பட்டு வந்தது.) ஆதலால் வண்டிக்குக் குறிக்கப்பட்ட வகையையே ஊற்ற வேண்டும். சி.வி.டி. பெட்டியில் சாதாரண ஏ.டி.எஃப். ஊற்றினால் வார்ப்பட்டை நழுவும்.

அளவு பார்க்கும் முறையிலேயே பல தவறுகள் நேர்கின்றன. பெரும்பாலான வண்டிகளில் சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் சூடான பின், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், நெம்புகோலை எல்லா நிலைகளுக்கும் ஒருமுறை நகர்த்திவிட்டு அளவுக்கோலை உருவிப் பார்க்க வேண்டும். ஓண்டா வண்டிகளில் இயந்திரத்தை நிறுத்திய ஒன்றரை நிமிடத்திற்குள் பார்க்க வேண்டும். குறைவான எண்ணெய் பம்பில் காற்றை ஏற்றும். கூடுதலான எண்ணெயோ சுழலும் உறுப்புகளில் பட்டு நுரைத்து அதே விளைவைத் தரும். எனவே "கூடவே இருக்கட்டும்" என்று அரை லிட்டர் அதிகம் ஊற்றுவது நன்மையன்று.

நிறமும் மணமும் அளவைப் போலவே முக்கியமானவை. நல்ல எண்ணெய் பெரும்பாலும் தெளிந்த சிவப்பு. பழுப்பாகி, கருகிய மணம் வீசினால் கிளட்ச் தட்டுகள் நழுவி எரிந்துள்ளன. பால் கலந்த ரோசா நிறம் நீர் கலந்ததைக் காட்டும். எண்ணெய்த் தட்டைக் கழற்றினால் அதன் காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பே. கண்ணுக்குத் தெரியும் இரும்புச் சிம்புகளோ வெண்கல நிறத் துகள்களோ இருந்தால் மட்டும் பெட்டியைப் பிரிப்பது பற்றி எண்ண வேண்டும்.

எண்ணெயின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்பமே. ஏறத்தாழ 80 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 11 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. நெடுஞ்சாலையில் சீராக ஓடும் வண்டியைவிட, ஊர்ந்து செல்லும் வண்டியில் கன்வெர்ட்டரின் நழுவலால் வெப்பம் மிகும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஆழ்வார்திருநகரி முதலிய நவதிருப்பதிக் கோயில்களை ஒரே நாளில் சுற்றிவரும் வாடகை வண்டியின் எண்ணெய், குறைந்த கிலோமீட்டரிலேயே முதுமை அடைவது இதனால்தான்.

அறிகுறியிலிருந்து காரணத்திற்கு

நல்ல பெட்டியில் நெம்புகோலை என் நிலையிலிருந்து டி நிலைக்கு மாற்றிய ஒன்று முதல் ஒன்றரை நொடிக்குள் கியர் பிடிக்கும் அதிர்வை உணரலாம். காலையில் மட்டும் இது தாமதித்தால் எண்ணெய்க் குறைவு, அடைபட்ட வடிகட்டி, கடினமாகிப்போன ரப்பர் அடைப்பான்கள் ஆகியவற்றை அவ்வரிசையில் ஐயுறலாம்.

கியர் மாற்றம் எல்லா வேகங்களிலும் மிகத் தாமதமாகவோ மிக முன்னதாகவோ நிகழ்ந்தால், பழைய வண்டிகளில் முடுக்கியிலிருந்து பெட்டிக்குச் செல்லும் கேபிளைப் பார்க்க வேண்டும். அது நீண்டோ தளர்ந்தோ இருந்தால் பெட்டி தவறான செய்தியைப் பெறுகிறது. திருகியைச் சில சுற்று திருப்பினாலே சரியாகும் கோளாறு இது.

ஒரு கியரில் மட்டும் நழுவல் இருந்தால், கியருக்கும் கிளட்ச்சுக்கும் உள்ள அட்டவணையே சிறந்த கருவி. மூன்று கியர் பெட்டிகள் பலவற்றில் உள்ள சிம்சன் பல்லிணைத் தொகுதியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் முன்னோக்கிய கியர்கள் அனைத்திலும் முன்கிளட்ச் பிடிக்கிறது. முதற்கியரில் அத்துடன் ஒருவழிக் கிளட்ச்சும், இரண்டாவதில் இடைப்பட்டையும், மூன்றாவதில் நேர்கிளட்ச்சும் சேர்கின்றன. பின்கியரில் நேர்கிளட்ச்சும், கீழ்-பின் பிரேக்கும் பிடிக்கின்றன. ஆகவே மூன்றாம் கியரும் பின்கியரும் ஒருசேர நழுவினால், இரண்டுக்கும் பொதுவான நேர்கிளட்ச்சே குற்றவாளி. மூன்றாவது நன்றாக இருந்து பின்கியர் மட்டும் இல்லையெனில் கீழ்-பின் பிரேக்கை ஐயுற வேண்டும். எல் நிலையில் இறக்கத்தில் வண்டி தானே வேகம் குறைகிறதா என்று பார்த்து இதை உறுதி செய்யலாம். டி நிலையில் நகராத வண்டி எல் நிலையில் நகர்ந்தால் ஒருவழிக் கிளட்ச் பழுதாகியுள்ளது. பிழையுள்ள மென்பொருளில் பொதுவான துணைநிரலைத் தேடுவதற்கு ஒப்பான இம்முறை, ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பழுதின் இடத்தைச் சொல்லிவிடுகிறது.

மணிக்கு 60 முதல் 80 கி.மீ. வேகத்தில், கரடுமுரடான சாலையில் செல்வது போன்ற நடுக்கம் தோன்றுவது கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச்சால் இருக்கலாம். முடுக்கியை விடாமல் பிரேக்கை மெல்லத் தொட்டதும் நடுக்கம் மறைந்தால் அதுவே காரணம். பழைய சி.வி.டி. ஓண்டா சிட்டியில் கன்வெர்ட்டரே கிடையாது. அதில் புறப்படும்போது ஏற்படும் நடுக்கம் தொடக்கக் கிளட்ச்சைச் சார்ந்தது.

ஸ்டால் சோதனை

பிரேக்கை முழுமையாக மிதித்து, டி நிலையில் முடுக்கியை முழுதும் அழுத்தி, இயந்திரம் எட்டும் உச்சச் சுழற்சியைக் குறிப்பதே ஸ்டால் சோதனை. சிறு மகிழுந்துகளில் இது பெரும்பாலும் நிமிடத்திற்கு 2,000 முதல் 2,800 சுற்று வரை இருக்கும். சரியான அளவைப் பணிமனைக் கையேட்டில் காணலாம். அளவு மிகுந்தால் பெட்டிக்குள் ஏதோ நழுவுகிறது. டி, ஆர் இரண்டிலும் மிகுந்தால் எண்ணெய் அழுத்தம் பொதுவாகவே குறைவு என்று கொள்ளலாம். அளவு குறைந்தால் இயந்திரம் வலுவிழந்துள்ளது, அல்லது கன்வெர்ட்டரின் நடுச்சக்கரத்தைத் தாங்கும் ஒருவழிக் கிளட்ச் கெட்டுள்ளது.

இச்சோதனை ஐந்து நொடிக்கு மேல் நீளக் கூடாது. அந்நேரத்தில் இயந்திரத்தின் முழு ஆற்றலும் எண்ணெயில் வெப்பமாகிறது. ஒவ்வொரு முறைக்கும் இடையே என் நிலையில் ஓரிரு நிமிடம் ஓடவிட வேண்டும். வண்டியின் முன்னும் பின்னும் எவரும் நிற்கக் கூடாது. எண்ணெய் ஏற்கெனவே கருகியிருந்தால் இச்சோதனையைத் தவிர்ப்பதே நலம்.

மின்கோளாறுகள்

1990களிலிருந்து வந்த பெட்டிகளில் வால்வுகளைச் சொலினாய்டுகள் இயக்குகின்றன. கட்டுப்பாட்டுக் கணினி பிழை கண்டால், பல வண்டிகள் மூன்றாம் கியர் போன்ற ஒரே கியரில் பூட்டிக்கொள்கின்றன. இது பெட்டி கெட்டதன் அடையாளம் அன்று, அதைக் காக்கும் ஏற்பாடு. டொயோட்டாவில் ஓ.டி. ஆஃப் விளக்கும், ஓண்டாவில் டி4 விளக்கும் சிமிட்டுவது இதன் அறிவிப்பு. ஓ.பி.டி. வசதியுள்ள வண்டிகளில் வரும் பி0700 குறியீடு, கியர் பெட்டிக் கணினியில் வேறொரு பிழை பதிவாகியுள்ளது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பிழையைத் தனியே படிக்க வேண்டும்.

திறந்து மூடும் வகைச் சொலினாய்டுகளின் மின்தடை பல வண்டிகளில் 11 முதல் 15 ஓம் வரை இருக்கும். அளவு மாறினால் சொலினாய்டை மாற்றும் முன் இணைப்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் செப்பு முனைகளில் பச்சை படிவது மிகச் சாதாரணம். பி நிலையில் ஸ்டார்ட் ஆகாத வண்டி என் நிலையில் ஸ்டார்ட் ஆனால் நெம்புகோல் நிலை சுவிட்ச் நகர்ந்துள்ளது. பி நிலையிலிருந்து நெம்புகோல் வெளிவராவிட்டால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று முதலில் காண வேண்டும். அந்த விளக்கின் சுவிட்ச்சே பூட்டையும் விடுவிக்கிறது.

வெள்ளநீர் புகுந்த பெட்டி

2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த பெருமழையில், காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை கடந்து ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி வட்டாரங்களில் வெள்ளம் சூழ்ந்தது. இத்தகைய வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இயந்திரத்தைப் பற்றியே பலரும் கவலைப்படுகின்றனர். கியர் பெட்டி கவனிக்கப்படுவதில்லை.

பெட்டியின் மேற்புறம் காற்று போக்கும் சிறு துளை உண்டு. ஓடிச் சூடான பெட்டி குளிர்ந்த நீரில் மூழ்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், அத்துளை வழியே நீர் உறிஞ்சப்படுகிறது. அளவுக்கோல் குழாயின் மூடி தளர்ந்திருந்தால் அவ்வழியாகவும் நீர் இறங்கும். கிளட்ச் தட்டின் உராய்வுப் படலம் காகித இழையால் ஆனது, இரும்புத் தட்டில் பசையால் ஒட்டப்பட்டது. அது எண்ணெயைவிட நீரை விரும்பி உறிஞ்சும். பசை இளகிப் படலம் உரிந்தால் கியர் பிடிக்காது. உருளைத் தாங்கிகளில் துருவும் ஏறும்.

எனவே நீர்மட்டம் பெட்டியைத் தொட்டிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாமலேயே அளவுக்கோலை உருவிப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால்நிறமாக இருந்தால் முழுதும் வடித்து, எண்ணெய்த் தட்டைக் கழற்றித் துடைத்து, வடிகட்டியை மாற்றிப் புதிதாக ஊற்ற வேண்டும். ஆனால் வடிக்கும்போது ஏறத்தாழ பாதியளவே வெளிவரும். மீதி கன்வெர்ட்டரிலும் குளிர்விப்பானிலும் தங்கிவிடும். ஒருமுறை மாற்றினால் பழையதில் பாதியும், இரண்டாம் முறை கால்பங்கும், மூன்றாம் முறை எட்டில் ஒரு பங்கும் எஞ்சும். ஒவ்வொரு முறைக்கும் இடையே சிறிது நேரம் மட்டும் இயக்கி, நிறம் தெளியும் வரை இதைச் செய்ய வேண்டும். நீர் பல நாட்கள் உள்ளே தங்கியிருந்தால் எவ்வளவு எண்ணெய் மாற்றினும் பயனில்லை. தட்டுகளை மாற்றியே ஆக வேண்டும்.

வெள்ளமே காணாத வண்டியிலும் இதே பால்நிறம் தோன்றலாம். பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே அமைந்துள்ளது. அது துருப்பிடித்து ஓட்டையானால் ரேடியேட்டர் நீர் பெட்டிக்குள் கலக்கும். ரேடியேட்டர் நீரின் அளவு குறைவதும், அதில் எண்ணெய்ப் படலம் மிதப்பதும் இதற்கு அடையாளம். இந்நிலையில் ரேடியேட்டரை மாற்றாமல் எண்ணெயை மட்டும் மாற்றுவது வீண்.

நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் இயந்திரத்திற்கும் கியர் பெட்டிக்கும் நேரும் சேதத்தை, தனி இணைப்புப் பாதுகாப்பு எடுத்திராத முழுமைக் காப்பீட்டில் பல காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்பதில்லை என்பதையும் உரிமையாளர் அறிந்திருத்தல் வேண்டும்.

பழைய எண்ணெயை மாற்றலாமா

நெடுநாள் மாற்றாத எண்ணெயை மாற்றினால் பெட்டி கெட்டுவிடும் என்ற நம்பிக்கை மெக்கானிக்குகளிடையே பரவலாக உள்ளது. கிளட்ச் தட்டுகள் தேய்ந்து, எண்ணெயில் மிதக்கும் துகள்களின் உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் வண்டியில், புதிய எண்ணெய் ஊற்றியதும் நழுவல் வெளிப்படலாம். அந்தப் பெட்டி எப்படியும் விரைவில் நின்றிருக்கும். நழுவல் இல்லாத வண்டியில் மாற்றுவதற்குத் தயங்க வேண்டியதில்லை. இயந்திர அழுத்தத்தால் கழுவும் முறையைவிட, சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இருமுறை வடித்து ஊற்றுவது பழைய பெட்டிக்குப் பொருத்தமானது. அழுத்தக் கழுவலில் பெயரும் படிவுகள் வால்வு பாடியின் நுண்வழிகளை அடைக்கக்கூடும்.

கட்டி இழுத்தல்

பழுதான தானியங்கி வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது, சிறு பழுதைப் பெரும் பழுதாக்கும். முன்சக்கர இயக்க வண்டியெனில் முன்சக்கரங்களைத் தூக்கியோ, முழு வண்டியையும் தட்டையான மீட்பு லாரியில் ஏற்றியோ கொண்டுசெல்ல வேண்டும். பின்சக்கர இயக்க வண்டியெனில் பின்சக்கரங்களைத் தூக்க வேண்டும், அல்லது இயக்கத் தண்டைக் கழற்றிவிட வேண்டும். வேறு வழியே இல்லாதபோது என் நிலையில், வண்டியின் கையேடு அனுமதிக்கும் வேகத்தையும் தூரத்தையும் மீறாமல் இழுக்கலாம். நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு மீட்பு லாரி மட்டுமே ஏற்றது.