டொராண்டோ: பருவங்களும் பயணமும்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத் தலைநகர். 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 27.9 லட்சம்; அவர்களில் பாதிப் பேர் அளவுக்குக் குடியேறிவந்தவர்கள். அதனால் இந்நகரின் பருவங்கள் வானிலையால் மட்டுமன்றி விழாக்களாலும் அறியப்படுகின்றன.

கோடையே பயணிகளின் முதல் தேர்வு. 1967-இல் கரீபியக் குடியேறிகள் தொடங்கிய கரிபானா விழாவின் ஊர்வலம் ஆகஸ்ட் தொடக்கத்தில் நடைபெறும். பறையும் பரதமும் உணவுக்கடைகளுமாக ஸ்கார்பரோவில் கூடும் தமிழர் தெருவிழாவும் கோடைக்குரியது. ஈழத்தமிழர் வேரூன்றிய பகுதி அது, தவறவிடக்கூடாது. செப்டம்பரில் திரைப்பட விழா.

குளிர்காலத்தைப் பலர் ஒதுக்குவது வீண் அச்சம். நகர மையக் கட்டடங்களை இணைக்கும் சுமார் 30 கி.மீ. நிலத்தடி நடைபாதையில் பனிக்காற்று படாமல் உலவலாம். ஜனவரி கனடாவில் தமிழ் மரபுத் திங்கள். வசந்தத்தில், 1959-இல் டோக்கியோ அன்பளித்த செர்ரி மரங்கள் ஹை பார்க்கில் பூக்கும்; பூக்கள் சில நாள்களே நிற்கும்.