பாராகிளைடர் சிறகின் தோற்ற விகிதம்

பாராகிளைடர் சிறகின் தோற்ற விகிதம் என்பது சிறகு வீச்சின் வர்க்கத்தைச் சிறகின் பரப்பளவால் வகுக்கக் கிடைக்கும் எண் ஆகும். 25 சதுர மீட்டர் பரப்புள்ள சிறகின் விகிதம் 5 எனில் அதன் வீச்சு சுமார் 11.2 மீட்டர், விகிதம் 7 எனில் 13.2 மீட்டர். பயிலுநருக்கான சிறகுகளில் இது ஏறக்குறைய 5 ஆகவும், போட்டிச் சிறகுகளில் 7க்கு மேலும் இருக்கும். தரையில் விரித்து அளக்கும் மதிப்பும், பறக்கையில் வளைந்து நிற்கும் சிறகின் நிழலை அளக்கும் மதிப்பும் வேறுபடும். பின்னதே சிறியது, காற்றியக்கவியலுக்கு அதுவே பொருத்தமானது.

வேகமும் இழுவையும்

சிறகின் முனைகளில் கீழ்ப்புறக் காற்று மேற்புறம் நோக்கிச் சுழல்வதால் உண்டாகும் எதிர்விசை தூண்டு இழுவை எனப்படும். பிற காரணிகள் மாறாதிருக்க, இது தோற்ற விகிதத்திற்கு எதிர் விகிதத்திலும், வேகத்தின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்திலும் அமையும். துணி, கயிறுகள், பறப்பவரின் உடல் ஆகியவற்றால் வரும் ஒட்டுண்ணி இழுவையோ வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்பக் கூடும். எனவே நீண்ட, ஒடுங்கிய சிறகு வேகத்திற்காகவே அமைக்கப்படுகிறது என்ற பரவலான எண்ணம் பாதியே சரி.

எளிமைப்படுத்திய ஒரு கணக்கைக் காணலாம். மொத்த எடை 100 கிலோ, பரப்பு 25 சதுர மீட்டர், சிறகின் செயல்திறன் காரணி 0.8 எனக் கொள்வோம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் தூண்டு இழுவை, விகிதம் 5 எனில் 51 நியூட்டன்; 7 எனில் 36 நியூட்டன். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில் இவை முறையே 23, 16 ஆகின்றன. சறுக்கு விகிதம் முதல் நிலையில் 9, இரண்டாம் நிலையில் 6 எனில் மொத்த இழுவை சுமார் 109, 163 நியூட்டன். ஆகவே நீண்ட சிறகின் ஆதாயம் மெதுவான பறப்பில் 13 விழுக்காடு. விரைவில் வெறும் 4 விழுக்காடு.

போட்டிச் சிறகுகள் விரைவிலும் நன்கு சறுக்குவதற்குக் கயிறுகள் குறைவாகவும் மெல்லியதாகவும் இருப்பது, குறைந்த தாக்குகோணத்திலும் நிலைத்து நிற்கும் சிறகு வடிவம், பறப்பவர் கால் நீட்டிப் படுக்கும் உறை இருக்கை ஆகியவையே பெரும் காரணங்கள்.

எதிர்காற்றில்

வேகம் ஏன் தேவை என்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கணவாய் வழியே இறங்கி வடகிழக்காக வீசுகிறது. ஆண்டிபட்டிப் பகுதியின் காற்றாலைகள் இதை நம்பியே நிற்கின்றன. பழனி மலையடிவாரத்திலுள்ள பெரியகுளத்தின் மேலிருந்து கம்பம் திசையில், மணிக்கு 30 கி.மீ. எதிர்காற்றில் ஒருவர் பறப்பதாகக் கருதுவோம். மேற்கண்ட எண்களின்படி 1000 மீட்டர் உயரத்தை இழக்கும்போது, 36 கி.மீ. வேகத்தில் அவர் தரையில் கடப்பது 1.5 கி.மீ. மட்டுமே, 54 கி.மீ. வேகத்தில் சுமார் 2.7 கி.மீ. (இது விளக்கக் கணக்கே; பருவக்காற்றின் கொந்தளிப்பில் அங்குப் பறப்பது பாதுகாப்பானதன்று.)

பாதுகாப்பு

காலால் வேகப்பட்டையை அழுத்தும்போது தாக்குகோணம் குறைகிறது. அந்நிலையில் கீழிறங்கு காற்று பட்டால் சிறகின் முன்விளிம்பு மடியக்கூடும். தோற்ற விகிதம் மிகுந்த சிறகில் முனைகள் ஒடுங்கியவை. மடிந்த முனை கயிறுகளில் எளிதில் சிக்கிக்கொள்ளும், சிறகும் வேகமாகத் திரும்பும். இக்காரணங்களால் இவை அனுபவம் மிக்கோருக்கே உரியவை.

2011 சூலையில் எசுப்பானியாவின் பியத்ராயித்தாவில் நடந்த உலகப் போட்டியில் இருவர் இறந்ததையடுத்துப் போட்டி நிறுத்தப்பட்டது. தரச்சான்று பெறாத திறந்த வகைச் சிறகுகளுக்கு முதல்நிலைப் போட்டிகளில் தடை விதிக்கப்பட்டது. பின்னர் பன்னாட்டு வானூர்தி விளையாட்டுக் கூட்டமைப்பு போட்டிச் சிறகுகளுக்கெனத் தனித் தரவகையை உருவாக்கியது. இந்தியாவில் இமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங்கில் 2015ஆம் ஆண்டு பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. தமிழ்நாட்டில் ஏலகிரி மலை இவ்விளையாட்டுக்கு அறியப்பட்ட இடமாகும்.