சிவப்புக் கோடும் பென்சில் புள்ளியும்: தனிமனித இலக்குகளில் பரிவின் இடம்

பெஞ்சமின் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றின் இரண்டாம் பகுதியை 1784-இல், பாரிஸை அடுத்த பாஸியில் தங்கியிருந்தபோது எழுதினார். இளமையில் பிலடெல்பியாவில் தமக்கென வகுத்துக்கொண்ட ஒழுக்கத் திட்டத்தை அதில் விரிவாகச் சொல்கிறார். மிதவுணவு, மௌனம், ஒழுங்கு, நீதி, பணிவு என்று 13 நற்பண்புகள். வாரத்துக்கு ஒரு பண்பின்மேல் தனிக்கவனம். 13 வாரத்தில் ஒரு சுற்று முடியும், ஆண்டுக்கு நான்கு சுற்று. ஏட்டில் கட்டம் கிழித்து, அன்றன்று நேர்ந்த பிழைகளுக்குக் கரும்புள்ளி வைத்தார். இலக்கு வகுப்பது பற்றிய நூல்கள் இந்த அட்டவணையை விடாமுயற்சிக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எனக்கு அது வேறொன்றுக்கும் சான்றாகப் படுகிறது. இலக்கைத் தளர்த்தாமலே, தவறிய தன்னிடம் ஒருவர் பரிவோடு இருக்க முடியும். அந்தப் பரிவுதான் அவரை மறுநாளும் இலக்கின் பக்கம் திருப்புகிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வொரு புதிய சுற்றுக்கும் இடம் வேண்டிப் பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டி ஏட்டின் தாள்களில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆகவே பிராங்க்ளின் அட்டவணையைத் தந்தத் தகடுகளாலான குறிப்பேட்டுக்கு மாற்றினார். கோடுகளை அழியாத சிவப்பு மையில் வரைந்தார். பிழைகளைப் பென்சிலால் குறித்தார். ஈரப் பஞ்சால் ஒற்றினால் அவை போய்விடும். கருவியின் அமைப்பிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது: எட்ட வேண்டியது நிலையானது, தவறியது நிலையானதன்று. தாம் நினைத்ததைவிடத் தம்மிடம் குற்றங்கள் மிகுதி என்று கண்டு வியந்ததாகவும், அவை குறைவதைக் கண்டு நிறைவடைந்ததாகவும் எழுதுகிறார். பிழைக்குத் தண்டனை விதித்துக்கொண்டதாக அந்த விவரிப்பில் ஓரிடத்திலும் இல்லை.

இன்றைய உளவியல் இந்த இரு பக்கங்களையும் தனித்தனியே ஆராய்ந்திருக்கிறது. ‘முடிந்ததைச் செய்’ என்னும் பொதுவான ஏவலைவிடத் தெளிவான, கடினமான இலக்கு கூடுதல் பயன் தரும் என்பதை எட்வின் லாக்கும் கேரி லேதமும் 1990-இல் வெளியிட்ட நூலில் விரிவான சான்றுகளுடன் நிறுவினர். தன்மீதான பரிவை ஆய்வுக்குரிய கருத்தாக வரையறுத்தவர் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டின் நெஃப். 2003-இல் அவர் அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னார்: தன்னைக் கடியாமல் கனிவோடு நடத்துதல், தவறுவது மனிதர் எல்லோருக்கும் பொது என்று உணர்தல், துன்பத்தை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் உள்ளபடி நோக்குதல். மூன்றாவது கூறு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. பிழையை உள்ளபடி பார்க்காதவர் தம்மீது காட்டுவது பரிவாகாது. புள்ளி வைத்த பிறகே அதைத் துடைக்க முடியும்.

பரிவு முயற்சியை மழுக்கிவிடும் என்ற அச்சத்துக்கு இரண்டு ஆய்வுகள் நேரடியாக விடை தருகின்றன. ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், மாணவர்களுக்குக் கடினமான சொல்லறிவுத் தேர்வு தரப்பட்டது. சரியாகச் செய்யாததற்காகத் தம்மைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று ஒரு பிரிவினரிடம் சொல்லப்பட்டது. இன்னொரு பிரிவினரிடம் அவர்களின் திறமை பாராட்டப்பட்டது. அடுத்த தேர்வுக்குமுன் அதிக நேரம் படித்தவர்கள் முதற்பிரிவினர். பாராட்டு தராத ஊக்கத்தைப் பரிவு தந்தது. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல், திமோதி பிச்சில், ஷானன் பென்னட் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, முதலாண்டு மாணவர்கள் படிப்பைத் தள்ளிப்போடுவதை நோக்கியது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் காலம் கடத்தியதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வின்போது குறைவாகவே தள்ளிப்போட்டனர். மாணவர்கள் தாமே தந்த விடைகளை நம்பிய ஆய்வு இது. அதனால் காரண காரியத் தொடர்பை இதைக்கொண்டு உறுதியாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும் ஆய்வாளர்கள் தரும் விளக்கம் பொருத்தமானது. குற்றவுணர்வு கனக்கும்போது புத்தகத்தைத் திறப்பதே வேதனையாகிறது. வேதனைக்கு அஞ்சி மாணவர் புத்தகத்தை இன்னும் தள்ளிவைக்கிறார்.

வலுவான மறுப்பு பிராங்க்ளினிடமிருந்தே வருகிறது. 13 பண்புகளில் ‘ஒழுங்கு’தான் அவரைப் படாதபாடு படுத்தியது. அங்கே அவர் ஒரு கதை சொல்கிறார். கோடரி முழுவதும் அதன் வாய் போலவே பளபளக்க வேண்டும் என்று ஒருவன் கொல்லனிடம் கேட்கிறான்; சக்கரத்தைச் சுற்றினால் தேய்த்துத் தருவதாகக் கொல்லன் சொல்கிறான். சுற்றிக் களைத்தவன், புள்ளி விழுந்த கோடரியே தனக்குப் பிடிக்கிறது என்று வாங்கிக்கொண்டு போகிறான். பலர் இப்படித்தான் முயற்சியைக் கைவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, பகுத்தறிவு போல் வேடமிட்ட ஏதோ ஒன்று தம் காதிலும் அதையே ஓதியதாக ஒப்புக்கொள்கிறார். முதுமையில் நினைவாற்றல் குன்றியபோது ஒழுங்கின் அருமையை நன்றாக உணர்ந்ததாகவும் எழுதுகிறார்.

புள்ளி விழுந்த கோடரியே போதும் என்பது பரிவன்று, சலுகை. இரண்டுக்கும் வேறுபாடு மென்மையின் அளவில் இல்லை. பரிவு புள்ளியைத் துடைத்துவிட்டுக் கோட்டை விட்டுவைக்கிறது. சலுகை கோட்டையே அழித்துவிடுகிறது. தன்னை மன்னித்த மறுநாள் ஒருவர் மீண்டும் பதிவேட்டைத் திறக்கிறாரா என்று பார்த்தாலே போதும்.

இதைவிடக் கடுமையான குறை ஒன்றும் உண்டு. பிராங்க்ளின் அடிமைகளை வைத்திருந்தவர். அவருடைய ‘பென்சில்வேனியா கெசட்’ இதழ் அடிமை விற்பனை விளம்பரங்களை வெளியிட்டது. பட்டியலில் நீதி இருந்தும், அதற்கான புள்ளி வைக்கப்பட்டதாக அந்தப் பகுதியில் ஒரு சொல் இல்லை. 1787-இல்தான் அவர் பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790-இல் அமெரிக்கப் பேரவைக்குச் சென்ற அடிமை ஒழிப்பு விண்ணப்பத்தில் அவர் கையொப்பம் இருக்கிறது. தன்னைத் தானே மதிப்பிடும் எந்த முறையும் ஒருவர் காண மறுக்கும் குற்றத்தைத் தானாகக் காட்டித் தராது. பரிவைக் குறித்த ஆய்வுகள் தேர்வு மதிப்பெண், உணவுக் கட்டுப்பாடு போன்ற தனிப்பட்ட தவறுகளையே மிகுதியும் எடுத்துக்கொள்கின்றன. பிறருக்கு இழைத்த தீங்கில், பாதிக்கப்பட்டவர் பேசுமுன் தன்னை மன்னித்துக்கொள்ளும் உரிமை எவருக்கும் இல்லை. அந்த முடிவுகளை அங்கே பொருத்திப் பார்ப்பது தவறு.

தனக்கு மட்டுமே கடன்பட்ட இலக்குகளில் நிலைமை வேறு. படிப்பு, உடற்பயிற்சி, எழுத்து, குடியை விடுவது ஆகியவற்றில் முதல் சறுக்கலுக்குப் பின் வரும் மணிநேரமே முடிவைத் தீர்மானிக்கிறது. நம் இலக்குத் தாள்களில் அந்த மணிநேரத்துக்கு இடமே இருப்பதில்லை. இலக்கு எழுதப் பழக்கும் ஆசிரியர்களும் மனநல ஆலோசகர்களும் எட்ட வேண்டியதையும் நாளையும் மட்டும் எழுதச் சொல்லி நிறுத்த வேண்டாம். தவறினால் மறுநாள் எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்பதையும் அதே தாளில், அதே வேளையில் எழுதச் சொல்லுங்கள்.