ஆனந்தரங்கப் பிள்ளை குடும்பம்

ஆனந்தரங்கப் பிள்ளை குடும்பம் என்பது பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரியில் தலைமைத் துபாசிப் பதவியை வகித்து, தமிழர் தலைவர் என்ற நிலையையும் பெற்றிருந்த வணிகக் குடும்பம் ஆகும். துபாசி என்பவர் இரு மொழி அறிந்து, ஐரோப்பியருக்கும் உள்நாட்டு மக்களுக்கும் இடையே பேச்சையும் வணிகத்தையும் நடத்திக் கொடுத்த இடையாளர்; அவர்களுள் தலைமைத் துபாசியாக இருந்தவர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பெனிக்கு வேண்டிய துணிகளைக் கொள்முதல் செய்வித்தல், நவாபு முதலிய அரசர்களுடன் கடிதப் போக்குவரத்து நடத்துதல், நகரத் தமிழரின் சாதி வழக்குகளைத் தீர்த்தல் ஆகிய மூன்று பொறுப்புகளையும் ஒருங்கே ஏற்றிருந்தார். அரச மரபாக இல்லாவிடினும், ஆட்சியாளருக்கு அடுத்த நிலையில் இருந்து அதிகாரம் செலுத்திய இக்குடும்பம், அதன் உறுப்பினர்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளால் தென்னிந்திய வரலாற்றில் தனி இடம் பெற்றுள்ளது.

பதவியும் இரு குடும்பங்களும்

பிரெஞ்சுக்காரர்கள் பிரான்சுவா மர்த்தேன் தலைமையில் 1674 ஆம் ஆண்டு புதுச்சேரியில் நிலைகொண்டபோது, தானப்ப முதலி என்ற கிறித்தவ வேளாளர் அவர்களுக்குத் துபாசியாக அமைந்தார்; அவருக்குப்பின் அவர் மகன் முத்தியப்ப முதலி அப்பணியைச் செய்தார். எனினும் சட்டப்படி இப்பதவி பரம்பரை உரிமையாக இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் ஆளுநரின் நம்பிக்கையும், சேசு சபைப் பாதிரிமார்களின் செல்வாக்கும், வேண்டிய நேரத்தில் கும்பெனிக்குக் கடன் திரட்டித் தரும் ஆற்றலும் சேர்ந்தே அதை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானித்தன. இதனால் கிறித்தவ முதலியார் குடும்பமும் வைணவ நெறியைச் சார்ந்த பிள்ளை குடும்பமும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இப்பதவிக்குப் போட்டியிட்டன.

நைனியப்பப் பிள்ளை வழக்கு

யாதவர் குலத்தைச் சேர்ந்த பிள்ளை குடும்பத்தில் முதன்முதலில் உயர்ந்தவர் நைனியப்பப் பிள்ளை. 1708 ஆம் ஆண்டு முதல் தலைமைத் துபாசியாக விளங்கிய அவரை, இந்துக்களின் வழிபாட்டுக்கு விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழத் தூண்டினார் என்ற குற்றச்சாட்டின் பேரில், ஆளுநர் எபேர் 1716 ஆம் ஆண்டு சிறைப்படுத்தினார். பலர் காணச் சாட்டையடியும், அபராதமும், மூன்றாண்டுச் சிறையும் தண்டனையாக விதிக்கப்பட்டு, அவருடைய சொத்துகளும் பறிமுதல் செய்யப்பட்டன. தண்டனைக் காலம் முடியுமுன்பே 1717 இல் அவர் சிறையில் இறந்தார். அவர் மகன் குருவப்பப் பிள்ளை நீதி கேட்டுக் கடல்கடந்து பிரான்சுக்குச் சென்று, அங்கு ஞானஸ்நானம் பெற்றார். அப்போது அரசப் பிரதிநிதியாக இருந்த ஒர்லேயான் கோமகன் அவருக்கு ஞானத்தந்தையானதுடன், புனித மிக்கேல் வரிசையின் வீரர் என்ற பட்டமும் அவருக்கு வழங்கப்பட்டது. தீர்ப்பு நீக்கப்பட்டுக் குடும்பத்தின் மானம் மீண்டபின், 1722 இல் குருவப்பப் பிள்ளை தலைமைத் துபாசியானார். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அவர் இறந்துவிட, பதவி மீண்டும் முதலியார் குடும்பத்தைச் சேர்ந்த கனகராய முதலியிடம் சென்றது.

ஆனந்தரங்கப் பிள்ளை

நைனியப்பரின் மைத்துனரான திருவேங்கடம் பிள்ளை, சென்னையை அடுத்த பெரம்பூரில் வணிகம் செய்து வந்தவர்; நைனியப்பரின் அழைப்பை ஏற்றுப் புதுச்சேரியில் குடியேறினார். அவருடைய மகன் ஆனந்தரங்கப் பிள்ளை 1709 ஆம் ஆண்டு மார்ச் 30 ஆம் நாள் பெரம்பூரில் பிறந்தார். 1726 இல் தந்தை இறந்தபின், ஆளுநர் லெனுவாரின் ஆதரவால் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பைப் பெற்ற ஆனந்தரங்கர், துணி வணிகத்தில் தேர்ந்து, ஆனந்தப்புரவி என்ற பெயரில் சொந்தக் கப்பலையும் ஓட்டினார்.

1746 பிப்ரவரியில் கனகராய முதலி இறந்தபோது, அவருடைய தம்பி சின்ன முதலி உட்படப் பலர் பதவியை நாடினர். கிறித்தவர் ஒருவரையே அமர்த்த வேண்டும் என்று பாதிரிமார்கள் வற்புறுத்த, ஆளுநர் துய்ப்ளேயின் மனைவியும் தம் விருப்பத்துக்கு உரியவர்களை முன்னிறுத்தினார். இவற்றுக்கிடையே ஆனந்தரங்கர் முதலில் பணிகளை நடைமுறையில் கவனித்து, பின்னர் முறைப்படி நியமனம் பெற்றார். 1749 இல் ஆம்பூர்ப் போருக்குப் பின் புதுச்சேரிக்கு வந்த, தக்காணச் சுபேதார் பதவியைக் கோரிய முசாபர் சங், குதிரைப்படைத் தலைமையைக் குறிக்கும் மன்சப் பட்டத்தையும் செங்கற்பட்டுக் கோட்டை அதிகாரத்தையும் அவருக்கு அளித்தபோது குடும்பத்தின் செல்வாக்கு உச்சத்தை அடைந்தது. பல்லக்கில் வலம் வரவும், தங்கப்பிடி போட்ட கைத்தடி வைத்திருக்கவும் அவர் பெற்ற உரிமைகள் அக்காலத்தில் ஆட்சி மரியாதையின் அடையாளங்களாகக் கருதப்பட்டன. புலவர்களும் அவரை நாடினர். தமிழில் தியாகராச தேசிகரின் ‘ஆனந்தரங்கன் கோவை’யும், வடமொழியில் சீனிவாச கவியின் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’வும் அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டவை.

அந்த அதிகாரத்துக்கும் எல்லை இருந்தது. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டபோது, தமிழர் தலைவராக இருந்தும் ஆனந்தரங்கரால் அதைத் தடுக்க முடியவில்லை. அந்நிகழ்வை அவரே விரிவாக எழுதி வைத்துள்ளார். 1754 இல் துய்ப்ளே பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டபின் ஆனந்தரங்கரின் நிலை தளர்ந்தது; நோயும் சேர்ந்துகொள்ள, ஆளுநர் லெய்ரியின் காலத்தில், 1756 இல் பதவி அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. ஆங்கிலப் படைத்தலைவர் அயர் கூட்டிடம் நகரம் சரணடைவதற்குச் சில நாட்களுக்கு முன், 1761 ஜனவரியில் அவர் காலமானார்.

நாட்குறிப்பு

1736 செப்டம்பர் 6 ஆம் நாள் தொடங்கி இறக்கும் காலம் வரை, ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆனந்தரங்கர் எழுதிய தினப்படி செய்திக் குறிப்பு, ஐரோப்பியத் தேதியுடன் தமிழ் ஆண்டு, மாதங்களையும் நாழிகைக் கணக்கையும் சேர்த்துத் தருவது. கப்பல் வரவு, பீரங்கி மரியாதை, துணி விலை, சாதித் தகராறு, ஆளுநர் மாளிகையில் நடந்த உரையாடல் ஆகிய அனைத்தும் அதில் பேச்சு வழக்குக்கு அருகிலுள்ள உரைநடையில் பதிவாகியுள்ளன. இடையிடையே சில பகுதிகள் கிடைக்காத போதிலும், பிரெஞ்சு ஆவணங்கள் கும்பெனியின் நோக்கில் சொல்லும் நிகழ்வுகளை நகரத் தமிழர் ஒருவரின் நோக்கில் காட்டுவதால் இது ஈடற்ற சான்றாக விளங்குகிறது.

வாரிசுகள்

ஆனந்தரங்கரின் ஆண் மக்கள் இருவரும் அவருக்கு முன்பே இறந்துவிட்டதால், குடும்பத் தலைமை அவருடைய தம்பி மகனுக்குச் சென்றது. ரங்கப்ப திருவேங்கடம் பிள்ளை எனப்படும் அவர், ஆங்கிலேயர் நகரைத் தரைமட்டமாக்கிய காலத்தையும், பாரிசு உடன்படிக்கைப்படி 1765 இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்ததையும் உட்கொண்ட 1761–1768 காலக் குறிப்புகளை எழுதினார். அடுத்த தலைமுறையைச் சேர்ந்த முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையும் 1794–1796 ஆண்டுகளுக்கான குறிப்புகளை விட்டுச் சென்றார். அப்போது நகரம் மீண்டும் ஆங்கிலேயர் வசமிருந்தது. பிரெஞ்சு வல்லமையுடன் துபாசிப் பதவியின் அரசியல் எடையும் குறைந்துவிட, பதவியைவிட எழுதும் வழக்கமே இக்குடும்பத்தில் உறுதியான பரம்பரையாக நின்றது எனலாம்.

சுவடிகளின் வெளிப்பாடு

வாரிசுகளின் வீட்டில் இருந்த சுவடிகளை 1846 இல் கலுவா மோம்பிரேன் என்ற பிரெஞ்சு அலுவலர் கண்டறிந்து படியெடுத்தார். எதுவார் அரியேல் எடுப்பித்த மற்றொரு படி பாரிசிலுள்ள தேசிய நூலகத்தில் இருக்கிறது. சூலியன் வின்சோன் 1894 இல் தேர்ந்த பகுதிகளைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் 1948 இல்தான் அச்சேறத் தொடங்கியது; மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோர் பதிப்பித்த 12 தொகுதிகள் 2019 இல் வெளிவந்தன. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, 1995 இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘வானம் வசப்படும்’ ஆகிய நாவல்கள் இக்குறிப்புகளை அடித்தளமாகக் கொண்டவை.

1730களில் கட்டப்பட்ட குடும்ப மாளிகை ரங்கப் பிள்ளை வீதியில் பெரிய அங்காடிக்கு அருகில் உள்ளது. தரைத்தளம் செதுக்கிய மரத்தூண்களுடன் தமிழ் முறையிலும், மேல்தளம் வெண்ணிறத் தூண்களுடன் ஐரோப்பிய முறையிலும் அமைந்த இக்கட்டடம், 1761 ஆம் ஆண்டு அழிவுக்கு முந்திய நகரத்திலிருந்து எஞ்சிய மிகச் சிலவற்றுள் ஒன்றாகும்.